பிடிக்காத அப்டேட்டிலிருந்து பழைய லைட்ரூமுக்குத் திரும்பும் வழி

படங்களை அடுக்கவும் திருத்தவும் பயன்படும் லைட்ரூம் கிளாசிக் சாஃப்ட்வேர் இரவோடு இரவாகப் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. காலையில் திறந்ததும் கேட்டலாகை மேம்படுத்தட்டுமா என்று கேட்டது, அவசரத்தில் சரி என்று தட்டியாயிற்று. இப்போது ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகவே கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது. நாளைக்கு ஆல்பம் கொடுக்க வேண்டிய கல்யாணம் ஒன்று, பாதி ஸ்கேன் முடிந்த வீட்டுப் பழைய போட்டோக்கள் இன்னொரு பக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும், ஊர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் படங்களை ஸ்கேன் செய்து சேர்த்துவரும் பிள்ளைகளுக்கும் இது அடிக்கடி வரும் சிக்கல். பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ஆனால் வேலைகளைச் செய்யும் வரிசை மாறக் கூடாது. வரிசை தப்பினால் அப்டேட்டுக்குப் பிறகு செய்த வேலை போய்விடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் தீரும். படங்கள் லைட்ரூமுக்குள் இல்லை. அவை ஹார்ட் டிஸ்கில் நீங்கள் வைத்த ஃபோல்டரிலேயே இருக்கின்றன. கேட்டலாக் என்பது பேரேடு. எந்தப் படம் எந்த ஃபோல்டரில், அதற்கு என்ன கேப்ஷன், எத்தனை நட்சத்திரம், எவ்வளவு வெளிச்சம் கூட்டினோம் என்று எழுதி வைக்கும் புத்தகம். பெட்டகத்தில் இருக்கும் நகையும், அதைக் குறித்து வைத்த கணக்கும் வேறு வேறு அல்லவா, அப்படித்தான். அப்டேட் வந்தபோது லைட்ரூம் பழைய பேரேட்டைத் திருத்துவதில்லை. அதைப் பிரதி எடுத்து, பிரதியைத்தான் புதிய முறைக்கு மாற்றுகிறது. பழையது அழியாமல் பத்திரமாகக் கிடக்கிறது. புதிய பதிப்பு மாற்றிய பேரேட்டைப் பழைய பதிப்பால் படிக்க முடியாது, ஆனால் பழைய பேரேட்டைத் தாராளமாகப் படிக்கும்.

அப்படியானால் சேதம் எங்கே வருகிறது? பதற்றத்தில் செய்யும் காரியங்களில். இரண்டு கேட்டலாக் எதற்கு என்று பழையதை அழிப்பது, பாதி வேலையைப் புதியதிலும் பாதியைப் பழையதிலும் செய்வது, ஃபோல்டர்களை இடம் மாற்றிப் பார்ப்பது. இவை மூன்றும் வேண்டாம்.

திரும்புவதற்கு முன்னால்

தொந்தரவு வேகம் மட்டும்தான் என்றால், பதிப்பை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். அங்கே கிராஃபிக்ஸ் பிராசஸரைப் பயன்படுத்தும் அமைப்பு இருக்கும். அதை நிறுத்திவிட்டு லைட்ரூமை மூடித் திறங்கள். பழைய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர்களில் திணறலும் திரை கறுப்பதும் பல நேரம் இதிலேயே அடங்கிவிடும். அடங்கினால் அரை நாள் வேலை மிச்சம்.

வேறு காரணம் என்றால் கீழே உள்ள வரிசையைப் பிடியுங்கள். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டலாகைக் காப்பி எடுக்கும் நடுவிலோ, படத்துக்குள் தகவல் எழுதும் நடுவிலோ கரண்ட் போனால் அந்த ஃபைல் அரைகுறையாக நின்றுவிடும். யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் இதைத் தொடங்க வேண்டாம்.

இப்போது ஓடுவது எந்தப் பதிப்பு என்று ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோ திறந்து, முதல் வரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு முன் எந்தப் பதிப்பு இருந்தது என்பதையும் எழுதுங்கள். நினைவில்லை என்றால் கேட்டலாகின் பெயரே சொல்லிவிடும். அதைக் கண்டுபிடிக்க எடிட் மெனுவில் கேட்டலாக் செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் ஷோ என்ற பட்டன். மேக்கில் இதே அமைப்பு லைட்ரூம் கிளாசிக் என்ற மெனுவுக்குக் கீழே இருக்கும். திறக்கும் ஃபோல்டரிலோ அதற்குள் இருக்கும் ஃபோல்டரிலோ எல்ஆர்கேட் (lrcat) என்று முடியும் ஃபைல்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும். பெயரின் கடைசியில் வி (v) என்ற எழுத்தும் 13 போன்ற எண்ணும் ஒட்டியிருந்தால், அது அந்தப் பதிப்புக்காக உருவான பிரதி. 12 என்று இருப்பது அதற்கு முந்தியது. ஃபைல் கடைசியாக மாறிய தேதியையும் பாருங்கள். அப்டேட் நடந்த நாளோடு நின்றுபோன ஃபைல்தான் உங்கள் பழைய பேரேடு.

புதிய பிரதியே அங்கே இல்லை, ஒரே ஒரு கேட்டலாக்தான் இருக்கிறது என்றால் நல்லது. சில சின்ன அப்டேட்டுகள் கேட்டலாகைத் தொடுவதில்லை. அப்போது சாஃப்ட்வேரை மட்டும் மாற்றினால் போதும். ஆனாலும் அடுத்த படியான காப்பியை விடாதீர்கள்.

காப்பி

லைட்ரூமை மூடுங்கள். மூடிய பிறகும் அந்த ஃபோல்டரில் லாக் (lock) என்றோ வால் (wal) என்றோ முடியும் ஃபைல் இருந்தால், லைட்ரூம் உள்ளுக்குள் இன்னும் மூடவில்லை என்று பொருள். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, அவை மறைந்த பிறகு, கேட்டலாக் ஃபோல்டரை முழுவதுமாக வேறொரு ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி எடுங்கள். எல்ஆர்கேட் ஃபைலை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுக்க வேண்டாம். 2021 அக்டோபரில் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து, மாஸ்க் விவரங்கள் பக்கத்திலேயே எல்ஆர்கேட் டேட்டா என்று முடியும் தனி ஃபைலில் இருக்கின்றன. அது இல்லாமல் போனால் முகத்தை மட்டும் வெளிச்சமாக்கிய வேலையெல்லாம் காணாமல் போகும். பிரிவ்யூஸ் என்ற ஃபோல்டர் மிகப் பெரிதாக இருந்து டிஸ்கில் இடமில்லை என்றால் அதை மட்டும் விடலாம். அது திரும்பவும் தானாக உருவாகும் முன்னோட்டம்தான்.

லைட்ரூம் வாராவாரம் கேட்டு எடுக்கும் பேக்கப் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது பேரேட்டின் பேக்கப் மட்டுமே, ஒரு படம்கூட அதில் இல்லை. அது பெரும்பாலும் அதே டிஸ்கில்தான் சேர்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

எனவே படங்களுக்கும் தனிக் காப்பி வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். 4க்கு 6 அங்குலப் பிரின்ட் ஒன்றை 600 டிபிஐயில் கலர் டிஃப் (TIFF) ஃபைலாக ஸ்கேன் செய்தால் சுமார் 26 எம்பி. சுவரில் மாட்டியிருக்கும் 10க்கு 12 அங்குலக் குரூப் போட்டோ என்றால் சுமார் 130 எம்பி. கல்யாணப் படங்களும் ஸ்கேனும் சேர்ந்து 200 ஜிபி வந்தால், வினாடிக்கு 100 எம்பி எழுதும் யூஎஸ்பி 3 டிஸ்கில் ஏறத்தாழ 35 நிமிடம். அதே டிஸ்கைப் பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். துளைக்குள் நீலப் பட்டை தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் 3.

அப்டேட்டுக்குப் பிறகு செய்த வேலை

பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் பிறகு வருந்துகிறார்கள். பழைய பேரேட்டைத் திறந்தால், அப்டேட் நாளுக்குப் பின் நீங்கள் செய்த எதுவும் அதில் இருக்காது. புதியதில் செய்ததைப் பழையதற்குக் கொண்டுபோக நேரடி வழி கிடையாது. எக்ஸ்போர்ட் ஆஸ் கேட்டலாக் கொடுத்தால் வருவதும் புதிய பதிப்பின் கேட்டலாக்தான், பழையது அதைத் திறக்காது.

ஒரு நாள் வேலைதான், 50 படங்களுக்குள்தான் என்றால், எழுதி வைத்துக்கொண்டு பழையதில் திரும்பச் செய்துவிடுவது மேல். அதற்கு மேல் போனால், தகவலைப் படங்களோடு சேர்த்து எழுதி, பழைய பதிப்பை அதைப் படிக்க வைக்க வேண்டும். அப்படி எழுதும் முறைக்கு எக்ஸ்எம்பி (XMP) என்று பெயர். கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைல்களுக்கு அது பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி ஃபைலாக உட்காரும். ஜேபெக், டிஃப், டிஎன்ஜி ஆகியவற்றுக்குப் படத்தின் உள்ளேயே எழுதப்படும். ஸ்கேன் செய்த டிஃப்புக்கு எழுதும்போது கரண்ட் போகக் கூடாது என்று சொன்னது இதனால்தான். அங்கே தொடப்படுவது மூலப் படத்தின் ஃபைலே.

செய்முறை இது. இன்னும் புதிய பதிப்பில்தான் இருக்கிறீர்கள். லைப்ரரி மெனுவில், விதிக்குப் பொருந்தும் படங்களைத் தானே திரட்டும் நியூ ஸ்மார்ட் கலெக்ஷன் போட்டு, எடிட் டேட் என்ற விதியைத் தேர்ந்து, அப்டேட் நாளுக்கு முந்திய நாளைக் கொடுத்து, அதற்குப் பின் என்று வையுங்கள். அப்டேட்டுக்குப் பின் கை வைத்த படங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். எத்தனை என்ற எண்ணைத் தாளில் எழுதுங்கள். லைப்ரரியில் ஜி எழுத்தை அழுத்திக் கட்டம் கட்டமாகத் தெரியும் கிரிட் பார்வைக்கு வாருங்கள். கண்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். கிரிட் பார்வை முக்கியம். படத்தைத் திருத்தும் டெவலப் பக்கத்தில் இருந்துகொண்டு கீழே வரிசையில் 300 படங்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் எஸ் அழுத்தினால், பெரிதாகத் தெரியும் ஒரு படத்துக்கு மட்டுமே எழுதும். மீதி 299 எழுதப்படவில்லை என்று எந்த எச்சரிக்கையும் வராது. பழையதைத் திறந்த பிறகுதான் தெரியும்.

எக்ஸ்எம்பியில் போகாதவை சில உண்டு. நீங்கள் படங்களைத் திரட்டி வைத்த கலெக்ஷன்கள் போகாது. ஒரே படத்துக்கு வேறு திருத்தம் செய்து பார்க்க, பேரேட்டில் மட்டும் உருவாக்கிய வர்ச்சுவல் காப்பிகள் போகாது. ஸ்டாக் போட்டு அடுக்கியது போகாது. டெவலப்பில் படிப்படியாகச் செய்த ஹிஸ்டரி வரிசையும் போகாது, கடைசி நிலை மட்டும் போகும். கலெக்ஷனுக்கு ஒரு உபாயம் உண்டு. அதிலுள்ள எல்லாப் படங்களுக்கும் கலெக்ஷன் பெயரையே கீவேர்டாகக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கண்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். பழையதில் போய் அந்தக் கீவேர்டைத் தேடினால் அத்தனையும் வரும், ஒரே நிமிடத்தில் கலெக்ஷனைத் திரும்பக் கட்டிவிடலாம். வர்ச்சுவல் காப்பிகளில் கட்டாயம் வேண்டியவற்றை 16 பிட் டிஃபாக எக்ஸ்போர்ட் செய்து அதே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பதிப்பில் மட்டுமே இருக்கும் கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால், பழைய பதிப்புக்கு அந்தக் கருவியே தெரியாது. அந்தப் படங்கள் பழையதில் வேறு மாதிரி தெரியும். அவற்றையும் இப்படியே டிஃபாக எக்ஸ்போர்ட் செய்துவிடுவதுதான் சரி.

பழைய பதிப்பை நிறுவுதல்

லைட்ரூமை நிறுவவும் அப்டேட் செய்யவும் உதவும் அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் ஆப்பைத் திறந்து, லைட்ரூம் கிளாசிக் வரிசையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டினால் அதர் வெர்ஷன்ஸ் என்று வரும். அதில் நீங்கள் தாளில் எழுதிய பதிப்பை நிறுவுங்கள். எல்லாப் பழைய பதிப்பும் அங்கே இருக்காது, அண்மையில் வந்த சிலவே இருக்கும். பழையது ஏறியதும் புதியது அந்தக் கம்ப்யூட்டரில் இருக்காது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். எக்ஸ்எம்பி எழுதும் வேலையை இதற்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

நிறுவும்போது பெயரைக் கவனியுங்கள். 2017 அக்டோபர் முதல் லைட்ரூம் என்பது ஒன்று, லைட்ரூம் கிளாசிக் என்பது இன்னொன்று. வெறும் லைட்ரூம் என்பது படங்களைக் கிளவுடுக்கு ஏற்றும் வேறு சாஃப்ட்வேர். ஃபோல்டர் கணக்கில் பழகியவர்களுக்கு அது உதவாது.

அதே ஆப்பின் பிரிஃபரன்சஸில், ஆப்ஸ் பக்கத்தில் ஆட்டோ அப்டேட்டை இப்போதே நிறுத்திவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாளைக் காலை மறுபடியும் புதியது வந்து உட்கார்ந்திருக்கும்.

பழைய கேட்டலாகைத் திறத்தல்

விண்டோஸில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே லைட்ரூம் ஐகானைத் தட்டுங்கள், மேக்கில் ஆப்ஷன் கீ. எந்தக் கேட்டலாக் வேண்டும் என்று கேட்கும் பெட்டி வரும். பழையதைத் தேர்ந்தெடுங்கள். இப்படிச் செய்யாமல் நேரே திறந்தால், கடைசியாகப் பயன்படுத்திய புதிய கேட்டலாகைத் திறக்கப் பார்த்து, இது புதிய பதிப்பில் உருவானது என்று மறுத்துவிடும். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் எல்லாம் போய்விட்டது என்று பலர் கலங்குகிறார்கள். ஒன்றும் போகவில்லை, தவறான புத்தகத்தை நீட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். திறந்ததும் பிரிஃபரன்சஸ், ஜெனரல் பக்கத்தில் எப்போதும் இந்தக் கேட்டலாகையே திறக்கும்படி வைத்துவிடுங்கள்.

சாஃப்ட்வேர் திறந்த மாத்திரத்தில் மூடிக்கொண்டால், புதிய பதிப்பு எழுதிய அமைப்புகள் பழையதைக் குழப்புகின்றன. விண்டோஸில் ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு திறந்தால் பிரிஃபரன்சஸை அழித்துப் புதிதாக வைக்கவா என்று கேட்கும். சரி கொடுங்கள். கேட்டலாகுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

உள்ளே போனதும் சில படங்கள் சாம்பல் கட்டமாகத் தெரிந்தால் பயம் வேண்டாம், முன்னோட்டம் மறுபடி உருவாகிறது. ஃபோல்டர் பெயரில் கேள்விக்குறி இருந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டு காரணங்கள் அதிகம் வரும். முதலாவது, வெளி ஹார்ட் டிஸ்கின் எழுத்து மாறியிருக்கும், முன்பு இ டிரைவாக இருந்தது இப்போது எஃப் ஆகியிருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தால் அத்தனை கேள்விக்குறியும் ஒரே நொடியில் மறையும். இரண்டாவது, ஒன்டிரைவ் பேக்கப்புக்குச் சம்மதம் கொடுத்தபோது பிக்சர்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம்பெயர்ந்திருக்கும். அப்போது லைட்ரூமின் ஃபோல்டர் பட்டியலில் வலது கிளிக் செய்து, ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர் மூலம் புதிய இடத்தைக் காட்டுங்கள். கேட்டலாக் ஒன்டிரைவுக்குள் மாட்டியிருந்தால், லைட்ரூமை மூடிவிட்டு அதை வெளியே கொண்டுவந்துவிடுவது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் பேரேட்டை இன்னொரு சாஃப்ட்வேர் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

இனி, அப்டேட்டுக்குப் பின் செய்த வேலையை உள்ளே கொண்டுவரலாம். புதிதாக எடுத்த படங்களுக்கு இம்போர்ட் போய், மேலே காப்பி, மூவ், ஆட் என்று இருப்பவற்றில் ஆட் மட்டும் தேர்ந்தெடுங்கள். படம் இருக்கும் இடத்திலேயே இருக்கும், பேரேட்டில் பதிவு மட்டும் ஏறும். பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்பியையும் சேர்த்தே படித்துக்கொள்ளும். காப்பி கொடுத்தால் ஒவ்வொரு படமும் இரண்டாகும், பிறகு எது எது என்று பிரிப்பது பெரும்பாடு.

பழைய கேட்டலாகில் ஏற்கெனவே இருந்து, அப்டேட்டுக்குப் பின் திருத்திய படங்களுக்கு மெட்டாடேட்டா மெனுவில் ரீட் மெட்டாடேட்டா ஃப்ரம் ஃபைல். சில படங்களின் மூலையில் ஓர் அடையாளம் தோன்றி, பேரேட்டில் ஒன்று, ஃபைலில் வேறொன்று இருக்கிறது, எதை வைத்துக்கொள்ள என்று கேட்கும். இம்போர்ட் செட்டிங்ஸ் ஃப்ரம் டிஸ்க் என்பதைத்தான் தட்ட வேண்டும். ஓவர்ரைட் என்று இருப்பதைத் தட்டினால், புதியதில் செய்த வேலையின் மேல் பழையது எழுதப்பட்டுவிடும். இந்த இடத்தில் மட்டும் யாரோடும் பேசிக்கொண்டே தட்ட வேண்டாம்.

முடிந்ததும் தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மூன்று படங்களைத் திறந்து பாருங்கள். அப்டேட்டுக்கு வெகு முன் முடித்தது ஒன்று, அப்டேட்டுக்குப் பின் நிறம் திருத்தியது ஒன்று, நீளமான கேப்ஷன் எழுதியது ஒன்று. புதிய கேட்டலாகைக் குறைந்தது ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு புதிய கேமரா வாங்கியிருந்தால், அதன் ரா ஃபைலைப் பழைய லைட்ரூம் திறக்காமல் போகலாம். அடோபியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வர்ட்டரில் போட்டு டிஎன்ஜியாக மாற்றினால் பழையதிலும் திறக்கும். மாற்றிய பிறகும் மூல ரா ஃபைலை வைத்திருங்கள்.

கேப்ஷன் ஏன் இவ்வளவு முக்கியம்

நிறத்தைத் திரும்பத் திருத்திவிடலாம். பெயர்களைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். ரங்கூனிலும் பினாங்கிலும் ஸ்டூடியோ முத்திரையோடு எடுத்த அட்டைப் படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 1942இல் பர்மாவிலிருந்து கைக்குக் கிடைத்ததோடு கிளம்பி வந்தவர்கள் கொண்டுவந்தவையும் அவற்றில் உண்டு. அறுபதாம் கல்யாணமான சாந்திக் கல்யாணத்தில், வீட்டின் உள்முற்றமான வளவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்த குரூப் போட்டோவில் 40 தலை இருக்கும். "ஆயா, இந்த ஓரத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்டால், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அவுகதான் நம்ம பெரியய்யா, ரங்கூன் கடையில இருந்தாக" என்று சொல்ல இன்றைக்கு ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னதை நீங்கள் கேப்ஷனில் தட்டி வைத்தது அப்டேட் குளறுபடியில் போனால், மறுபடி கேட்க முடியும் என்பதற்கு உறுதி இல்லை.

அதனால் பெயர்கள் பேரேட்டில் மட்டும் இருக்க விடாதீர்கள். கேட்டலாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பக்கத்தில், மாற்றங்களைத் தானாகவே எக்ஸ்எம்பியில் எழுதும் அமைப்பு ஒன்று உண்டு. ஸ்கேன் சேகரிப்புக்கு அதைப் போட்டே வையுங்கள். சற்று மெதுவாகும், பரவாயில்லை. குரூப் போட்டோ என்றால் கேப்ஷனில் வரிசையும் இடமும் சேர்த்து எழுதுங்கள்: பின் வரிசை, இடமிருந்து நான்காவது, இன்னார், இன்ன ஊர், குலப் பிரிவைக் காட்டும் இன்ன கோவில். ஒரே பெயர் மூன்று தலைமுறையில் வரும் குடும்பங்களில் ஊரும் கோவிலும் இல்லாமல் யார் என்று பிரிக்க முடியாது. எடுத்த இடத்துக்கு முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டில் சொல்லும் சொல்லையே கீவேர்டாக வையுங்கள். தேடப்போகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார்கள்.

யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். ஆல்பம் டிசைனுக்குப் பழகிய கையோடு பாமினி எழுத்துருவில் தட்டிய கேப்ஷன், அந்த எழுத்துரு இல்லாத எந்த இடத்திலும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். பதிப்பு மாற்றிய பிறகு கேப்ஷன் கெட்டுவிட்டது என்று வரும் குறைகளில் சில உண்மையில் இதுதான். அது கெடவில்லை, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டி எடுத்தால் மீண்டுவிடும்.

டிஜிகேம், விண்டோஸ் போட்டோஸ்

இதே வேலைக்கான இலவச சாஃப்ட்வேர் டிஜிகேமைப் பயன்படுத்துபவர்களுக்குச் சங்கதி கொஞ்சம் வேறு. லைட்ரூம் பேரேட்டைப் பிரதி எடுத்து மாற்றுகிறது; டிஜிகேம் இருக்கிற டேட்டாபேஸ் அமைப்பையே மாற்றிவிடும். டிஜிகேம் 4 டிபி (digikam4.db) என்ற ஃபைல்தான் அதன் பேரேடு. பெயரில் 4 இருந்தாலும் பதிப்பு 7, 8 வந்த பிறகும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம். அதோடு சின்னப் படங்களுக்கு ஒன்று, முக அடையாளத்துக்கு ஒன்று, ஒத்த படங்களுக்கு ஒன்று என்று மேலும் மூன்று டேட்டாபேஸ்கள் உண்டு. அப்டேட்டுக்கு முன் நான்கையும் காப்பி எடுத்திருந்தால், புதியதை நீக்கிப் பழையதை நிறுவி, நான்கையும் திரும்ப அதே இடத்தில் வைத்தால் முடிந்தது. லினக்ஸில் நிறுவாமலே ஒரே ஃபைலாக ஓடும் ஆப்இமேஜாக ஓட்டுபவர்களுக்கு இன்னும் எளிது, பழைய ஆப்இமேஜ் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தாலே போதும்.

காப்பி எடுக்கவில்லை, புதிய பதிப்பு டேட்டாபேஸின் அமைப்பையும் மாற்றிவிட்டது, பழையது திறக்க மறுக்கிறது என்றால் சுற்றுவழி ஒன்று உண்டு. புதிய பதிப்பிலேயே செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பக்கம் போய், கேப்ஷன், டேக், நட்சத்திரம், முகப் பகுதிகள் எல்லாவற்றையும் படத்தில் எழுதும்படி குறியிடுங்கள். பிறகு டூல்ஸ் மெனுவில் மெயின்டனன்ஸ் திறந்து, மெட்டாடேட்டாவையும் டேட்டாபேஸையும் ஒத்திசைக்கும் வேலையை, டேட்டாபேஸிலிருந்து படத்துக்கு என்ற திசையில் ஓடவிடுங்கள். திசை தலைகீழானால் படத்தில் இருக்கும் வெறுமை பேரேட்டில் ஏறிவிடும். பல ஆயிரம் படம் என்றால் இரவெல்லாம் ஓடும். முடிந்ததும் பழைய பதிப்பை நிறுவி, வேறொரு காலி ஃபோல்டரில் புது டேட்டாபேஸ் தொடங்கச் சொல்லுங்கள். அது படங்களைப் படித்துப் பெயர்களைத் தானே எடுத்துக்கொள்ளும். சேமித்து வைத்த தேடல்கள் மட்டும் வராது.

விண்டோஸ் 11இல் போட்டோஸ் ஆப் மாறிப்போய்ப் பழைய வசதிகளைக் காணோம் என்பவர்கள், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் மைக்ரோசாஃப்ட் போட்டோஸ் லெகசி என்று தேடி நிறுவிக்கொள்ளலாம். புதியதோடு பக்கத்துப் பக்கமாக இருக்கும், எதையும் நீக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை

லைட்ரூம் கிளாசிக்கின் பெரிய பதிப்பு பெரும்பாலும் அக்டோபரில் வருகிறது, ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கும் நேரத்தில். அப்போது தொடவே வேண்டாம். வேலை குறையும் மார்கழியில் வையுங்கள். கேட்டலாக் ஃபோல்டரை முழுதும் காப்பி எடுத்து, அப்டேட் செய்து, 100 படங்கள் மட்டும் உள்ள ஒரு சின்னக் கேட்டலாகில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இம்போர்ட், நிறத் திருத்தம், ஆல்பத்துக்கு எக்ஸ்போர்ட், உங்கள் பிரின்டர், நான்கும் சரியாக இருந்தால் தைக்கு முன் பெரிய கேட்டலாகை மாற்றலாம். 

காப்பி இருக்கும் ஹார்ட் டிஸ்கின் மேல் ஒரு தாள் ஒட்டி, சாஃப்ட்வேரின் பெயர், பதிப்பு எண், கேட்டலாக் தேதி, மொத்தப் படங்களின் எண்ணிக்கை நான்கையும் பேனாவால் எழுதுங்கள். ஊர் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள் அடுத்த திருவிழாவுக்கு வந்து எடுக்கும்போது, அந்த நான்கு வரி இல்லாமல் எது கடைசிக் காப்பி என்று சொல்ல முடியாது.